வீட்டுக் கேமராவின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் முன்னும் பின்னும்

“ஓடிக்கிட்டிருக்கிற கேமராவைத் தொடாதீங்க சார்” என்பதுதான், எங்கள் வீட்டில் கேமரா பொருத்திக் கொடுத்தவரிடம் ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் பற்றிக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில். அதில் அனுபவத்தின் நியாயம் இருந்தது. அப்டேட் செய்யப்போய்க் கேமரா எழுந்திருக்காமல் போனால், ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, பெரும்பாலும் கூலி கேட்க முடியாமல், அதைக் கழற்றி மாட்ட வேண்டியவர் அவர்தான். ஆனாலும் என் வீட்டின் நான்கு கேமராக்களையும் பெற்றோர் வீட்டின் மூன்று கேமராக்களையும் ஆறு ஆண்டுகளாக நானே புதுப்பித்து வருகிறேன். இந்தக் காலத்தில் ஒரு கேமராவை முற்றிலுமாக இழந்தேன். இன்னொன்றை இழந்து இரண்டு நாள் போராடி மீட்டேன். மூன்று முறை அமைப்புகள் அழிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் தவறு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது தெரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அப்டேட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்

வீட்டுக் கேமரா என்பது லென்ஸ் வைத்த ஒரு சிறு கணினி. பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இயங்குகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இணையத்தில் இருக்கிறது. அதன் எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பொருள் ஊடுருவுபவர்களுக்கு எவ்வளவு வசதியானது என்பதை 2016-ல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளான டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்த மிராய், அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின், தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் திறக்கவில்லை. அந்தச் சாதனங்களில் சிலவற்றில் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால், உரிமையாளர் தம் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் பயன் இருக்கவில்லை. மின்சாரத்தை அணைத்துப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். ஆனால் அதே ஓட்டை திறந்திருக்கும் வரை சில நிமிடங்களிலேயே மறுபடியும் தொற்றிக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் நிலைமை அடங்கிவிடவில்லை. 2017-ல் ஹைக்விஷன் கேமராக்கள் பலவற்றில், கடவுச்சொல் தெரியாமலேயே நிர்வாகியாக உள்ளே நுழைய வழிவிடும் பிழை ஒன்று வெளிவந்தது, சி.வி.இ.-2017-7921 என்பது அதன் பதிவெண். 2021 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் சாதனங்களில், உள்நுழையாமலேயே கட்டளைகளை இயக்கவிடும் இன்னொரு பிழை, சி.வி.இ.-2021-36260, அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் வெளியானது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்ட்டில் வெளிவந்த ஆய்வொன்று, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் இன்னமும் திருத்தப்படாமல் இணையத்தில் திறந்து கிடப்பதாகக் கணக்கிட்டது. திருத்தம் வந்தும் போடாதவர்களின் எண்ணிக்கை அது. “தொடாதீங்க சார்” என்ற அறிவுரையின் விளைவும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் பயனர்கள் சுமார் பதின்மூவாயிரம் பேருக்கு, மற்றவர்களின் கேமராப் படங்கள் தம் செயலியில் தெரிந்தன. பிழை நிறுவனத்தின் சர்வர் பக்கத்தில் இருந்தது, கேமராவில் இல்லை. வீட்டுக்குள், குறிப்பாகப் படுக்கையறைப் பக்கம், எந்த நிறுவனத்தின் கேமராவையும் நான் வைப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

உங்களிடம் இருப்பது எந்தக் கேமரா

ஃபர்ம்வேர் விபத்துகளில் பாதிக்கு மேல் தவறான கோப்பினால் வருபவை என்பது என் கணிப்பு. பெட்டியின் மேல் அச்சிட்ட வியாபாரப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் தவறு நேர்வது உறுதி. ஒரே பெயரில், ஒரே உருவத்தில், ஒரே விலையில் விற்கப்படும் இரண்டு கேமராக்களுக்குள் வெவ்வேறு சிப்புகள் இருக்கலாம். நிறுவனங்கள் சிப் கிடைப்பதைப் பொறுத்து நடுவில் மாற்றிக்கொள்கின்றன. ரியோலிங்க் போன்ற நிறுவனங்கள் இதற்காகவே மாடல் பெயரோடு ஹார்ட்வேர் பதிப்பையும் பொருத்திப் பார்த்துத்தான் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கின்றன. ஹைக்விஷன் கேமராக்களில் ஒவ்வொரு மாடல் வரிசையும் ஒரு ‘பிளாட்ஃபார்ம்’ குறியீட்டின் கீழ் வருகிறது, கோப்பின் பெயரில் அந்தக் குறியீடு இருக்கும்.

எனவே முதல் வேலை, கேமராவின் அமைப்புகளுக்குள் சென்று ‘சாதனத் தகவல்’ என்ற பக்கத்தைத் திறப்பதாகும். செயலி வழியாகவும் போகலாம், பிரவுசரில் கேமராவின் ஐ.பி. முகவரியைத் தட்டியும் போகலாம். அங்கே தெரியும் முழு மாடல் எண், ஹார்ட்வேர் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, அதன் பக்கத்தில் ‘பில்ட்’ என்று தரப்பட்டிருக்கும் எண், சீரியல் எண் ஆகிய ஐந்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பில்ட் எண் பல நிறுவனங்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைந்த தேதியே. 160530 என்றிருந்தால் அந்த மென்பொருள் 2016 மே 30 அன்று கட்டப்பட்டது என்று படிக்கலாம். உங்கள் கேமரா எவ்வளவு காலம் பின்தங்கியிருக்கிறது என்பதை அந்த ஆறு இலக்கங்களே சொல்லிவிடும்.

ஐ.பி. முகவரி தெரியாவிட்டால், ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். ஹைக்விஷனுக்கு எஸ்.ஏ.டி.பி. என்ற தேடும் கருவி உண்டு. டாஹுவாவுக்கு கான்ஃபிக் டூல் உண்டு. இரண்டும் அந்தந்த நிறுவனத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகவோ ரீசெட் செய்யப்பட்டோ இருக்கும் கேமரா தன் பிறவி முகவரியில் உட்கார்ந்திருக்கும்: ஹைக்விஷனுக்கு 192.168.1.64, டாஹுவாவுக்கு 192.168.1.108. கேமராக்களின் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியான என்.வி.ஆரின் பின்புறத்துத் துளைகளில் நேராகச் செருகிய கேமராக்கள் ரவுட்டரின் பட்டியலில் வரவே வராது, ஏனென்றால் என்.வி.ஆர். அவற்றுக்கென்று தனி நெட்வொர்க்கை உள்ளே நடத்துகிறது. அவற்றை என்.வி.ஆரின் மெனு வழியாகத்தான் அணுக வேண்டும்.

இங்கே சாம்பல் சந்தை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் முற்றிலுமாக இழந்த கேமரா அப்படி வந்ததுதான். சீன உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட கேமராக்களின் மெனுவை யாரோ ஆங்கிலமாக மாற்றி, இணையக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்பது நீண்ட காலமாக நடந்து வருகிறது. மாற்றப்பட்ட அந்த மென்பொருள் இருக்கும் வரை கேமரா ஒழுங்காக ஓடும். அதன்மேல் நிறுவனத்தின் உண்மையான பன்னாட்டு ஃபர்ம்வேரைப் போட்டால், மென்பொருளின் மொழியும் சாதனத்தில் பதிந்த பிராந்தியமும் ஒத்துப்போகாமல், கேமரா சீன மெனுவோடு எழும், அல்லது ‘மொழி பொருந்தவில்லை’ என்று என்.வி.ஆர். அதை ஏற்க மறுக்கும், அல்லது எழவே எழாது. என்னுடையது எழவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்து வாங்கிய பொருள் அது. உங்கள் கேமரா இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், சீரியல் எண்ணை நிறுவனத்தின் உதவி மையத்துக்கு அனுப்பி, எந்தச் சந்தைக்கான சாதனம் என்று கேட்டுவிட்டு அதன் பிறகே கை வையுங்கள். ஐயம் உறுதியானால் அப்டேட் செய்யாமல், கடைசிப் பகுதியில் சொல்லியிருப்பதுபோல் இணையத்திலிருந்து துண்டித்துவிடுவதே மேல்.

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் சமரசம் கூடாது. நிறுவனத்தின் சொந்தத் தளம், அல்லது செயலிக்குள்ளேயே வரும் அப்டேட், இந்த இரண்டைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். வாட்ஸப்பில் தெரிந்தவர் அனுப்பினாலும் வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், அவருக்குக் கோப்பு எங்கிருந்து கிடைத்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நிறுவனத் தளத்தில் எஸ்.ஹெச்.ஏ.-256 சரிபார்ப்புக் குறியீடு தரப்பட்டிருந்தால், இறக்கிய கோப்பின் குறியீட்டைக் கணினியில் கணக்கிட்டு இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

கோப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்பைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு, ஆனால் அதில் பெரும்பாலும் ஒரே ஒரு முக்கியமான வரி இருக்கும்: இந்தப் பதிப்புக்கு வருவதற்கு முன்பு இன்ன இடைப் பதிப்பைப் போட்டிருக்க வேண்டும் என்பது அது. நான்கைந்து ஆண்டுகள் புதுப்பிக்காத கேமராவில் ஒரே தாவலாகக் கடைசிப் பதிப்புக்குப் போவது ஆபத்தானது. நினைவகம் பிரிக்கப்பட்டிருக்கும் முறையே நடுவில் மாறியிருக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை மூடிவிடும் அப்டேட்டுகளும் உண்டு. அதையும் அந்தக் குறிப்பே சொல்லும்.

எழுதி வைக்க வேண்டியவை

அமைப்புகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி பெரும்பாலான என்.வி.ஆர்.களிலும் கேமராக்களிலும் இருக்கிறது, செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய பதிப்பில் எடுத்த அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு ஏற்க மறுத்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் திறந்து கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன்: ஐ.பி. முகவரி, நேர மண்டலம், படத் தரமும் பிட்ரேட்டும், பதிவு அட்டவணை, அசைவைக் கண்டறியும் பகுதிகள், மறைக்கப்பட்ட பகுதிகள், எச்சரிக்கை மின்னஞ்சல். ஒரு கேமராவுக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் ஆகும். தெருவில் போகும் ஒவ்வொரு நாய்க்கும் செயலி கூவாதபடி அசைவுப் பகுதியை ஒருமுறை பொறுமையாக வரைந்தவர்களுக்கு, அதை நினைவிலிருந்து மறுபடி வரைவதன் எரிச்சல் தெரியும்.

கடவுச்சொல் விஷயம் தனிக் கவனத்துக்குரியது. கேமரா பொருத்தியவர்கள் பலர், தாம் போட்ட எல்லா வீடுகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பார்கள். வீட்டுக்காரர் செயலியை மட்டும் பயன்படுத்துவதால் அந்தக் கடவுச்சொல் அவருக்குத் தெரியவே தெரியாது. அப்டேட்டுக்குப் பிறகு கேமரா அதைக் கேட்கும்போது, பொருத்தியவர் தொழிலையே விட்டுப் போயிருப்பார். கேமராவோ என்.வி.ஆரோ அவருடைய கணக்கின் கீழ்ப் பதிவாகியிருப்பதும் நடக்கிறது. சாதனம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் உரிமைப்படும் என்பதால், அவர் விடுவிக்கும் வரை நீங்கள் அதை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த இரண்டையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டில் பதிவாகும் கேமரா என்றால், தேவையான பதிவுகளை நகல் எடுத்த பிறகு, கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்டேட் செய்வது நல்லது. அப்டேட் முடிந்து எழுந்த கேமரா ‘கார்டை ஃபார்மட் செய்யவா’ என்று கேட்பதும், அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவதும் எளிதில் நேரக்கூடியவை.

மின்சாரமும் பொழுதும்

அப்டேட்டின்போது மின்சாரம் போனால் கேமரா ஏன் சாகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நேரத்தில் அஞ்ச வேண்டும், எந்த நேரத்தில் அஞ்ச வேண்டியதில்லை என்பதும் விளங்கும். முதல் கட்டத்தில் கோப்பு நெட்வொர்க் வழியாகக் கேமராவின் தற்காலிக நினைவகத்துக்கு வந்து சேர்கிறது. கேமரா அதன் கையொப்பத்தையும் முழுமையையும் சோதிக்கிறது. இந்தக் கட்டத்தில் வைஃபை அறுந்தாலோ மின்சாரம் போனாலோ பொதுவாக ஒன்றும் ஆகாது; பழைய மென்பொருள் இன்னும் இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில், நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் இருப்பதைப் பகுதி பகுதியாக அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் அழிக்காமல் மேலெழுத முடியாது. அழித்து முடித்து எழுதி முடிக்காத நிலையில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதைத்தான் பிரிக் ஆகிவிட்டது என்கிறார்கள். இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு மாறி மாறி எழுதும் கேமராக்கள் இதிலிருந்து தானாகவே மீண்டுவிடும். விலை குறைந்த பலவற்றில் அந்த வசதிக்கான நினைவக இடமே இருக்காது.

நான் மீட்டெடுத்த கேமரா செத்தது இப்படித்தான். பெற்றோர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அது மின்சாரம் போன கணத்திலிருந்து மாறிக்கொள்ள எடுக்கும் சிறு இடைவெளியைக் கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் தாங்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருந்தது, கேமரா மட்டும் போய்விட்டது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியத்தை நம்பாமல், கணினிக்கு வைப்பதுபோன்ற யு.பி.எஸ். ஒன்றில் ரவுட்டர், பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தருவது) அல்லது என்.வி.ஆர்., கேமராவின் அடாப்டர் மூன்றையும் செருகுங்கள். பேட்டரிக் கேமராவாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முடிந்தால் சார்ஜரில் இருக்கும்போதே செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளையும், இடி மழை எதிர்பார்க்கும் மாலையையும் தவிர்த்துவிடுங்கள். ஊருக்குப் போவதற்கு முந்தைய நாளும் வேண்டாம். கேமரா உண்மையில் தேவைப்படுவது அடுத்த நாள்தான்.

பொத்தானை அழுத்துவது

இந்தப் பகுதியில் எழுத அதிகமில்லை. டாப்போ போன்ற வைஃபை கேமராக்களில் செயலியே புதிய பதிப்பு இருப்பதைக் காட்டும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருக்கும்போது ‘அப்டேட்’ என்பதைத் தொட்டால் போதும். கோப்பை நாமே ஏற்ற வேண்டிய கேமராக்களில், பிரவுசரில் நிர்வாகியாக உள்நுழைந்து, அமைப்பு, பராமரிப்பு, மேம்படுத்தல் என்ற வழியில் சென்று, ஜிப் கோப்பைப் பிரித்தெடுத்த பிறகு உள்ளே இருக்கும் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹைக்விஷனில் அது டாவ் (.dav) என்ற விகுதியோடும், டாஹுவாவில் பின் (.bin) என்பதோடும், ரியோலிங்கில் பாக் (.pak) என்பதோடும் முடியும். ஜிப்பையே ஏற்ற முயன்று ‘தவறான கோப்பு’ என்ற செய்தியைக் கண்டு மலைத்தவர்கள் பலர். கணினியை வைஃபையில் வைக்காமல் கேபிளால் ரவுட்டரில் இணைத்துச் செய்வது என் வழக்கம்.

பழைய கேமராக்களில் ஒரு சங்கடம் உண்டு. அவற்றின் பக்கங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே திறக்கும். அந்த பிரவுசரையோ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெறச் செய்துவிட்டது. எட்ஜ் பிரவுசரின் அமைப்புகளில் ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறை’ என்பதை இயக்கினால் இந்தப் பக்கங்கள் திறக்கும். அப்டேட்டுக்குப் பிறகு பல கேமராக்கள் சாதாரண குரோமிலேயே திறக்கத் தொடங்கிவிடுகின்றன. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாதவர்களைக்கூட இந்த ஒரு பயன் அப்டேட் பக்கம் இழுத்துவிடும்.

எத்தனை கேமராக்கள் இருந்தாலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் புதுப்பிக்காதீர்கள். முக்கியத்துவம் குறைந்த ஒன்றை, என் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பதை, முதலில் புதுப்பித்து இரண்டு இரவு ஓடவிட்டுப் பார்க்கிறேன். வாசற்கேமராவின் முறை கடைசியில்தான் வரும். என்.வி.ஆரும் இருந்தால் அதைக் கேமராக்களுக்கு முன்பே புதுப்பிக்கிறேன்: புதிய என்.வி.ஆர். பழைய கேமராவோடு பேசிவிடும், ஆனால் உள்நுழைவு விதிகள் இறுக்கப்பட்ட புதிய கேமராவைப் பழைய என்.வி.ஆர். அடையாளம் காணாமல் போகலாம்.

தானியங்கி அப்டேட்டை இயக்கி வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தனியாக ஓடும் விலை குறைந்த வைஃபை கேமராவுக்கு, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, அதை இயக்கி வைப்பதே நல்லது. ஒருவரும் கவனிக்காமல் கிடக்கும் ஓட்டை அதைவிடப் பெரிய ஆபத்து. என்.வி.ஆரோடு இணைந்த அமைப்புக்கு நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

திரை உறைந்து நின்றால்

சதவீதம் நூறைத் தொட்ட பிறகு பக்கம் அப்படியே நிற்கும். அல்லது தொண்ணூற்றொன்பதில் நிற்கும். பெரும்பாலும் இதில் பிழை ஏதுமில்லை: கேமரா தன் வேலையை முடித்து மறுதொடக்கம் செய்துவிட்டது, பிரவுசருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இந்த நேரத்தில் பொறுமையிழந்து அடாப்டரைப் பிடுங்குவதுதான் பேராபத்து. உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்த கேமராவைக் கொல்வது பல சமயம் மின்வாரியம் அல்ல, நம் கைதான். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு ரவுட்டரின் பட்டியலில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு முகவரிக்கு மாறிப்போயிருக்கலாம், அல்லது பிறவி முகவரிக்குத் திரும்பியிருக்கலாம். பக்கம் திறந்தும் கலைந்து தெரிந்தால், பிரவுசர் தன் சேமிப்பில் வைத்திருக்கும் பழைய பக்கத்தைக் காட்டுகிறது என்று பொருள். சேமிப்பை அழித்துவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும்.

அரை மணி நேரமாகியும் எங்குமே தெரியாவிட்டால், இப்போது ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போடலாம். அதிலும் எழாவிட்டால், கேமராவின் ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, நிறுவனம் சொல்லும் நேரம் வரை பிடித்திருக்க வேண்டும். அதுவும் பலிக்காதபோது கடைசி வழியாக, நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறையான டி.எஃப்.டி.பி. மூலம் மீட்பு இருக்கிறது. மென்பொருள் அழிந்தாலும், கேமராவைத் தொடக்கி வைக்கும் சிறு நிரலான பூட்லோடர் பொதுவாகத் தனி இடத்தில் பிழைத்திருக்கும். அது எழுந்ததும் சில நொடிகள் குறிப்பிட்ட ஒரு முகவரியில் யாராவது கோப்பு தருகிறார்களா என்று தேடும். ஹைக்விஷன் கேமராக்களில் கணினியின் முகவரியை 192.0.0.128 என்று கையால் அமைத்து, கணினியின் தடுப்புச் சுவரை (ஃபயர்வால்) தற்காலிகமாக அணைத்து, டிஜிகேப் என்ற பெயருள்ள டாவ் கோப்பை டி.எஃப்.டி.பி. நிரலின் கோப்புறையில் வைத்துவிட்டு, பிறகு கேமராவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். நேரடிக் கேபிளில், கேமரா கேட்கும் அந்தச் சில நொடிகளுக்குள் கணினியின் நெட்வொர்க் துளை விழித்துக்கொள்வதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் எனக்கு இரண்டு நாள் போனது.

எழுந்த பிறகு

படம் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏமாறுவது நேரத்தில்தான். ரீசெட் ஆன சீனத் தயாரிப்புக் கேமராக்கள் பல, பெய்ஜிங்கின் நேர மண்டலத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனபோது, இரவு பதினோரு மணிப் பதிவை எவ்வளவு தேடியும் வெறும் தெருதான் தெரிந்தது. நாங்கள் தேடிய காட்சி மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி என்ற முத்திரையோடு பதிவில் உட்கார்ந்திருந்தது. நேர மண்டலத்தை +5:30 என்று அமைத்து, என்.டி.பி. (இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் முறை) வழியாக நேரம் சரிசெய்யப்படும்படி வைத்து, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, பதிவு உண்மையில் நடக்கிறதா என்பதை, ஒரு மணி நேரம் கழித்துப் பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேரலை தெரிவது பதிவாவதற்குச் சான்றாகாது. வேறு நிறுவனத்தின் என்.வி.ஆரில், வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் பேசிக்கொள்வதற்கான பொதுமுறையான ஆன்விஃப் வழியாக இணைத்த கேமரா காணாமல் போயிருந்தால் பதறாதீர்கள்: புதிய பதிப்புகள் பலவற்றில் பாதுகாப்புக்காக ஆன்விஃப் அணைக்கப்பட்டே வருகிறது, ஹைக்விஷனில் அதை மறுபடி இயக்கி, அதற்கென்று தனிப் பயனர் ஒருவரையும் உருவாக்க வேண்டும். இரவு வந்ததும் அகச்சிவப்பு விளக்கு எரிகிறதா, படம் கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறதா என்று ஒருமுறை எழுந்து பாருங்கள்.

நாம் கேட்காமலேயே இயக்கப்பட்டு வரும் வசதிகளையும் கவனிக்க வேண்டும். சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் வெளி வழியைத் திறந்துகொள்ள விடும் யு.பி.என்.பி. இயங்கினால் அதை அணையுங்கள். கேமராவுக்காக ரவுட்டரில் யாராவது போர்ட் ஃபார்வேர்டு செய்து (வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்கு வழி திறந்து) வைத்திருந்தால் அதை நீக்குங்கள். இணையத்தில் துழாவி எண்பதாயிரம் கேமராக்களைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவை இப்படித் திறந்துவிட்ட கதவுகள் வழியாகத்தான் கண்ணில் பட்டன.

அப்டேட்டே வராத கேமரா

நிறுவனங்கள் ஒரு மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் தரும் என்பது நீண்ட காலம் யாரும் கேட்காத கேள்வியாக இருந்தது. வைஸ் நிறுவனத்தின் முதல் தலைமுறைக் கேமராவில் இருந்த ஓட்டைகளைப் பிட்டிஃபெண்டர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 மார்ச்சிலேயே நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 2022 மார்ச்சில் விவரம் வெளிவந்தபோது, பிந்தைய தலைமுறைகளுக்குத் திருத்தம் வந்திருந்தது, முதல் தலைமுறைக்கு வரவே இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருள்களுக்கு எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல் வைப்பது தடைசெய்யப்பட்டு, எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து சி.சி.டி.வி. கேமராக்களுக்கான பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. சான்று பெற்ற மாடல்களின் பட்டியல், மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் தளத்தில் இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பட்டியலையும், அந்த மாடலுக்கு நிறுவனத் தளத்தில் கடைசியாக ஃபர்ம்வேர் வந்த தேதியையும் பார்க்கலாம்.

ஏற்கெனவே சுவரில் இருக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளாக அப்டேட் வராத கேமராவைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. அதற்கு இணையம் தேவையில்லை என்று முடிவு செய்தால் போதும். ரவுட்டரில் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ அல்லது ‘அணுகல் கட்டுப்பாடு’ என்ற பகுதியில் அந்தக் கேமராவின் முகவரியை இணையத்துக்குப் போகாமல் தடுத்துவிட்டு, உள் நெட்வொர்க்கில் என்.வி.ஆருக்கு மட்டும் பதிவு அனுப்ப விடலாம். என்.வி.ஆரின் பி.ஓ.இ. துளையில் செருகிய கேமராவுக்கு இந்தப் பிரிப்பு ஓரளவு ஏற்கெனவே அமைந்திருக்கிறது. வெளியூரிலிருந்து பார்க்க விரும்பினால், புதுப்பிக்கப்பட்ட என்.வி.ஆர். வழியாக மட்டும் பாருங்கள்.

எங்கள் தண்ணீர்த் தொட்டிக் கேமராவுக்குக் கடந்த ஆண்டோடு அப்டேட் நின்றுவிட்டது. இப்போது அது என்.வி.ஆரோடு மட்டும் பேசுகிறது. நேர மண்டலம், பதிப்பு எண், துண்டித்த தேதி ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று என்.வி.ஆரின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்த முறை வாசற்கேமரா மாற்றப்படும்போது, முதலில் புதுப்பித்துப் பார்ப்பதற்கான கேமரா எது என்பதை மட்டும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.